மாமா கேட்டு வாங்கிய வண்டி

அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது, மிதித்தால் கீச்சென்று கத்துகிற வகை. அத்தை காலை நீட்டியபோது அது கத்தியது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குனிந்து எடுத்து, "யாரு கொழந்தையோடதோ, தேடுவாங்களே" என்று சொல்லி, பின் கண்ணாடி ஓரமாகப் பத்திரமாக வைத்தார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாமா, என் மாமனார், திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கணவருக்குப் பெங்களூரில் வேலை என்பதால் வீட்டில் நாங்கள் மூவர்தான். சிறுநீரகம் கெட்டுப்போன அத்தையை வாரத்தில் இரண்டு நாள் தருமபுரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணிபோல இருப்பார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய கார் புகை கக்கி நின்றது. மாமா யாரிடமும் எதையும் இரவல் கேட்காதவர். பக்கத்துக் காட்டுக்காரரிடம் மண்வெட்டி கேட்பதைவிட வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைப்பார். அப்படிப்பட்டவர் அன்று மெக்கானிக் பட்டறையில், கிடந்த டயர்மீது உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்.

"பெரிய ஷோரூம்ல எல்லாம் ரிப்பேருக்கு உட்டா, ஓட்டிக்க வேற வண்டி குடுக்கறாங்க. நீ குடுக்க மாட்டியா?"

"அவங்க கம்பெனிங்க. எங்கிட்ட அப்படி வண்டி ஏதுங்கய்யா?" மெக்கானிக் கல்யாணமாகாத இளைஞன். தனியாளாகப் பட்டறை நடத்திவந்தான்.

"நேத்து எம் பொஞ்சாதி பஸ்ல வாந்தி எடுத்துட்டு, எடமில்லாம கீழயே உக்காந்துட்டா. உனக்கும் ஆத்தா இருக்காங்க இல்ல?"

மறுபடியும் இல்லையென்றான். மாமா அசையவில்லை. கடைசியில் உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தான். "பாத்து ஓட்டுங்க. பென்னாகரம் ரோட்டுப் பக்கம் மட்டும் போவாதீங்க" என்றான். ஏன் என்று எனக்குத் தோன்றியது. சாவி கைக்கு வந்துவிட்டதால் மாமா கேட்கவில்லை. அந்த வெள்ளைக் காரில் அத்தை படுத்தபடி போய் வந்தார். ஏசி காற்றில் சில நாள் தூங்கக்கூடச் செய்தார்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், நான் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது காருக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. அருகில் ஒரு பெண், இடுப்பில் சின்னப் பெண் குழந்தை. அவள் கணவன் மாமாவிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"இது நான் ரிப்பேருக்கு உட்ட என் வண்டிங்க! சாமான் வரல, சாமான் வரலன்னு அந்த மெக்கானிக் என்ன பென்னாகரம் ரோட்டுலருந்து அலைய உடறான். நீங்க ஜாலியா ஓட்டிக்கிட்டிருக்கீங்களா?"

"எவன்டா நீ? எனக்குப் பட்டறையில குடுத்த வண்டி இது" என்று மாமா கையை ஓங்கினார். அவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மாலை போட்ட அதே கார், அதே எண், முன்னால் அந்தக் குழந்தை. அதற்குள் குழந்தை, "அம்மா, என் செருப்பு!" என்று பின் கண்ணாடியைக் காட்டிக் கூவியது. மாமாவின் கை தானாக இறங்கியது. சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்த மனிதர், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அத்தை கதவைத் திறந்து இறங்கப் பார்த்துத் தடுமாறினார். அந்தப் பெண்தான் ஓடிவந்து தாங்கினாள். அத்தையின் கையில் ஊசி குத்திய இடத்திலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்ல இவங்கள வூட்ல உடுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று கணவனிடம் சொன்னாள். அவன் காரை ஓட்டினான். அவள் குழந்தையோடு ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டேன். "வேணாங்க" என்றான். "எம் பொண்ண இத்தன நாளு வெயில்ல..." என்று ஆரம்பித்தவன், அத்தையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு காரோடு போய்விட்டான்.

ஆனாலும் புகார் கொடுத்தான். அதில் தப்பு சொல்ல முடியாது. காவல் நிலையத்திற்கு யாரும் கூப்பிடாமலே மாமா போனார். நானும் கூடப் போனேன். "குடுத்தவன் மேலதான் தப்பு. நீங்க போங்க பெரியவரே" என்றார் அதிகாரி.

"கேட்டவன் நானுங்க. அவன் இல்ல இல்லன்னுதான் சொன்னான். நான்தான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்."

சுவரோரம் நின்ற மெக்கானிக் தலை நிமிரவில்லை. அவனை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதன்பிறகு அவனை நம்பி யாரும் வண்டி விடவில்லை. பட்டறையை மூடிவிட்டு ஓசூரில் வேறொருவரிடம் வேலைக்குப் போனான். அந்த மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனார்.

ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாமா விசாரித்து, என்னையும் கூட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் முதலில் கேட்டது, "அம்மா எப்படிங்கய்யா இருக்காங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "நல்லா இருக்கா."

அவன் முகம் மலர்ந்தது. "அது போதுங்கய்யா. எது போனாலும் அவங்களுக்கு உதவியாச்சே" என்றான். திரும்பும் பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியது. "அந்தப் பையங்கிட்ட அந்த நெனப்பு ஒண்ணுதாம்மா மிச்சம் இருக்குது" என்றார் மாமா.

பொங்கலுக்குப் பொங்கல் அவன் போன் செய்கிறான். அத்தையின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மாமா அதே பதிலைச் சொல்கிறார். இந்தப் பொங்கலுக்கு அவன், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், போனைக் கொடுங்கள் என்றான். மாமா என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"அத்தை தூங்கறாங்கண்ணா" என்றேன்.