மலர் பேரில் ஒரு சான்று

மலரை நான் முதன்முதலில் பார்த்தது திருவொற்றியூரில் ஒரு இ-சேவை மைய வாசலில். முதல் பட்டதாரிச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். மகள் ஜெயஸ்ரீ அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சான்று வாங்கிப் படித்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர் மலர். கணவர் கோதண்டம் விசைப்படகில் போகிறவர். மகளுக்குப் பொன்னேரி மீன்வளக் கல்லூரிமேல் ஆசை. அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து மலர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பருவம் ஒதுக்கினார். சாதிச் சான்று மழைக்காலத்தில். வருமானச் சான்று பொங்கல் கழிந்ததும். மீனவர் சான்றை மட்டும் ஏப்ரலில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்தார். குப்பத்தில் கல்யாணம், கூரை மாற்றுவது எல்லாமே அப்போதுதான் நடக்கும். ஆம்பளைகள் கரையில் இருப்பார்கள் அல்லவா.

ஆனால் ஜெயஸ்ரீ பிளஸ் டூ முடித்த வருடம் கோதண்டம் கரையில் இல்லை. கேரளத்தில் தடை தாமதமாகத்தான் வரும், ஆள் தேவை என்று கூட்டாளி கூப்பிட, கொச்சிக்குப் போய்விட்டார். ஜெயஸ்ரீ நல்ல மார்க் எடுத்தாள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அந்த வாரமே. கோதண்டத்தின் போன் ஆழ்கடலில் செத்துக் கிடந்தது.

மலரும் ஜெயஸ்ரீயும் போனபோது மீன்வளத் துறை அலுவலகத்தில் தடைக்கால நிவாரணத்துக்கு வந்த கூட்டம். கிளார்க் நிமிராமலே, அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"வுடும்மா, நான் பி.காம் படிச்சிக்கிறேன்" என்று முணுமுணுத்தாள் ஜெயஸ்ரீ.

மலருக்குச் சுருக்கென்றது. கடலுக்குப் போகிறவர்தான் மீனவர் என்று அந்த நிமிடம்வரை அவரும்தான் நினைத்திருந்தார். பையைத் துழாவினார். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இருந்தது. ஐஸ் பெட்டி கொடுத்தபோது காட்டியதோடு சரி, வேறெதற்கும் அதை வெளியே எடுத்ததில்லை.

"சார், அவரு புடிச்சாந்து கரையில கொட்டிட்டா மீனு தானா நடந்து போய் குழம்புல குதிக்குதா? இருவது வருசமா நான் வித்துகினு கீறேன். அப்ப நான் இன்னா, பூக்காரியா? என் பேர்ல குடு."

வரிசை சிரித்தது. "குடு சார், அது வுடாது" என்றாள் ஒருத்தி. சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்தார். விதியை எடுத்துப் படித்தார். தாயோ தந்தையோ, யார் மீனவர் சங்க உறுப்பினராக இருந்தாலும் போதும் என்றிருந்தது. அங்கேயே நின்றபடி கையெழுத்திட்டார். அன்று மாலையே விண்ணப்பம் போனது.

இரண்டு நாள் கழித்துக் கரை சேர்ந்த கோதண்டம், வீட்டிலிருந்து வந்திருந்த அழைப்புகளைப் பார்த்துப் பதறியடித்துப் போனில் பேசினார். "இன்னா மலரு, பஸ் ஏறட்டா?"

"இன்னாத்துக்கு? வேல முடிஞ்சிச்சி. நீ மீன் புடி."

ஜெயஸ்ரீ இப்போது பொன்னேரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோதண்டம் மறுபடி காசிமேட்டுப் படகில் போகிறார். மலர் அதே மார்க்கெட்டில் மீன் விற்கிறார். பிளஸ் ஒன் பிள்ளைகளின் அம்மாக்கள் அவரிடம் மீன் வாங்கிவிட்டுச் சான்றுக்கும் வழி கேட்டுப் போகிறார்கள்.