பண்டில் சீட்டைப் பார்த்துத் துணி பார்த்தவன்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்தபோது, என் வாயால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. அவள் பெயர் செல்வராணி. பீடி சுற்றும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு பண்டில், அதாவது ஒரு கட்டு முழுக்க, பனியன் கையை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தைத்துவிட்டாள். அன்றோடு அவள் பெயர் என் மனசில் கெட்டுப்போயிற்று. "பீடி சுத்துன கைங்க, தையல் எங்கிருந்துங்க வரும்?" என்று மேனேஜரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதவே கூசுகிறது.

அதே லைனில் பழனிசாமி என்று ஒரு பழைய டெய்லர். தினமும் எனக்கு டீ வாங்கித் தருவார். அவர் பண்டில் வந்தால் மேலே இரண்டு பீஸைத் தடவிப் பார்த்துத் தள்ளிவிடுவேன்.

ஒவ்வொரு பண்டிலிலும் தைத்தவர் பெயர் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். நான் முதலில் சீட்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் துணியை. முப்பது வருஷமாக இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

திருத்தத் திருப்பி அனுப்பும் ஆல்டர் பீஸில் செல்வராணிக்குத்தான் எப்போதும் முதலிடம். "இதுல என்ன தப்பு இருக்கு சார்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள், நான் காதில் வாங்க மாட்டேன். ஒருநாள் மேனேஜர் வந்து, "அந்தப் புள்ளைய சனிக்கிழமையோட நிறுத்தீரலாங்களா?" என்று கேட்டார்.

"தாராளமா நிறுத்துங்க சார். வாங்க, கண்ணு முன்னாடியே காட்டறேன்" என்று செக்கிங் டேபிளுக்குக் கூட்டிப்போனேன். செல்வராணியையும் வரச்சொன்னேன்.

செக்கிங் பார்க்கும் மரகதம் இரண்டு பண்டிலை எடுத்து வைத்தாள். செல்வராணி சீட்டு இருந்ததைப் பிரித்தேன். கை ஜாயிண்டில் தையல் விட்டிருந்தது, தோளில் சுருக்கம், ஓரமெல்லாம் வளைசல். பதினோரு ஆல்டர் எடுத்தேன். பழனிசாமி சீட்டு இருந்ததில் ஒன்றுகூட இல்லை. "இதைக் கண்ண மூடிட்டு பேக்கிங் அனுப்பலாங்க" என்றேன்.

செல்வராணி அழவில்லை. "ரெண்டு பிள்ளைகள இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மரகதம் தொண்டையைச் செருமினாள். "சார், ஒண்ணு சொல்லோணுங்க. காலைல அந்த ரெண்டு சீட்டையும் நாந்தான் மாத்திக் கட்டுனனுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

அடுத்து நான் செய்ததுதான் கொடுமை. பழனிசாமி தைத்தது என்று தெரிந்ததும், அந்த வளைசல் பீஸை மறுபடி கையிலெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தையல் நேராகத் தெரிந்தது. "இது அவ்வளவு மோசமில்லீங்க சார்" என்று வாய் சொல்லியும்விட்டது.

மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏனுங்க, மொதல்ல உங்க கண்ணைத்தான் ஆல்டருக்கு அனுப்போணும்."

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்று மரகதத்திடம் கேட்டேன்.

"நாங்க பாஸ் பண்ணுன இந்தப் புள்ள பீஸையெல்லாம் மூணு மாசமா சீட்டப் பாத்துட்டுத் திருப்பி எடுத்தீங்க. சொன்னாக் கேக்க மாட்டீங்க. அதானுங்க."

அன்று மதியமே சீட்டில் பெயர் போய் நம்பர் வந்தது. எந்த நம்பர் யார் என்பது மரகதத்தின் நோட்டில் மட்டும் இருக்கும். முதல் நாலு நாள் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. யார் தைத்தது என்று தெரியாததால் ஒவ்வொரு பீஸையும் முழுசாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பழனிசாமி டீ வாங்கித் தருவதை நிறுத்திவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கண் ஓரவஞ்சனை செய்யும் என்று நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நானும் நம்பவில்லைதான். சீட்டை மட்டும் மறைத்துவிடுங்கள்.

அவளை நிறுத்துவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை மரகதம் நோட்டைத் திறந்தாள். பழனிசாமிக்கு ஒன்பது ஆல்டர், செல்வராணிக்கு நாலு. மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த நாலு பீஸோடு அவள் மெஷினுக்குப் போனேன். கேட்டும்விட்டேன். அவள் நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலும் நான் செஞ்ச தப்புதான் சார். இத ஒத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நான் எடுத்த ஆல்டரை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.