ஆரணிக்கு மாமனாகப் போனேன்

போன தை மாதம் ஆரணிக்குப் போய்வந்தேன். ஆரணி என்றதும் பட்டுச்சேலை எடுக்கத்தான் என்று நினைப்பீர்கள். இல்லை. நான் போனது தாய்மாமனாக உட்கார.

என்னோடு சென்னை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் கலைவாணி. ஆரணி நெசவுக் குடும்பத்துப் பெண். நாலு வருஷத்துக்கு முன் போளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிரபுவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். சாதி வேறு. அன்றோடு பிறந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இப்போது மகள் யாழினிக்கு ஒரு வயசு. தேவிகாபுரம் அம்மன் கோவிலில் காது குத்துவது பிரபு வீட்டு வழக்கம். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். கலைவாணிக்கு ஒரே அண்ணன், சேகர். வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினாள். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. "மாமன் மடி இல்லாம எம்பொண்ணுக்குக் காது குத்துனா என் மனசு தாங்காதுண்ணா. நீங்க உக்காருவீங்களா?" என்று என்னைக் கேட்டாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மனைவிக்கே போன் செய்தேன்.

சென்னையிலிருந்து ஆரணி சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகப் போகும் அரசுப் பேருந்தில் நாலு மணி நேரம் ஆனது. பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர், என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டு, "சொந்த மாமன் இல்லியா நீங்க?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்காகவே யோசித்துக்கொண்டு வந்தேன். வடநாட்டில் கையில் ஒரு கயிறு கட்டினால் அண்ணன். கேரளத்தில் ஒரு காலத்தில் பல வீடுகளுக்கு மாமன்தான் தலை. அப்பா விருந்தாளி மாதிரி வந்துபோவார். இங்கிலீஷ்காரனோ பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் ஒரே அங்கிளில் முடித்துவிட்டான். எந்த ஜனமாக இருந்தாலும் ஆள் குறைந்த இடத்தில் யாரையாவது சொந்தமாக்கி உட்கார வைத்துக்கொள்கிறார்கள். பிறகென்ன, நானும் மாமன்தான் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மாமன் வெறுங்கையோடு போகக்கூடாதே! பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு, பட்டுப்பாவாடை வாங்கக் கிளம்பினேன். நெசவாளர் தெருக்களில் வீட்டு முன்னறையிலேயே வியாபாரம் நடக்கிறது. பாய் விரித்து, மோர் கொடுத்து, "யாருக்குங்க?" என்று கேட்டார் வியாபாரி. தங்கச்சி மகளுக்கு, மாமன் சீர் என்றேன் பெருமையாக. வாயை அதோடு மூடியிருக்கலாம். எனக்குத்தான் ஓட்டைவாய் ஆயிற்றே! உங்கள் ஊர்ப்பெண் கலைவாணிதான், போளூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறது, நாளைக்குத் தேவிகாபுரத்தில் விசேஷம் என்று அத்தனையும் ஒப்பித்துவிட்டேன்.

அவர் மடித்துக்கொண்டிருந்த பாவாடையை அப்படியே வைத்தார்.

"நாங்க எங்கங்க குடுத்தோம்? அதுவா போச்சு."

அவர் சேகருடைய மாமனாரின் தம்பி. நான் மட்டும் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்காதீர்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டில் மோர் குடித்திருந்தாலும் இதே கதிதான். பெண் கொடுத்ததும் எடுத்ததுமாக எல்லாரும் எல்லாருக்கும் உறவு. பாவாடையைக் கட்டிக் கொடுத்தார். படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். வேற ஆளு மடியில குத்துவாங்களாம்."

அறைக்குத் திரும்பிக் கலைவாணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. ஏன் சொன்னீங்கண்ணா என்று மட்டும் கேட்டாள். அண்ணன் கோபக்காரன், கோவிலில் வந்து நாலு பேர் முன்னால் சண்டை போட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "வருவான்னு நினைக்கிறீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் பயம் பாதிதான் இருந்தது.

காலையில் ஆரணியிலிருந்து தேவிகாபுரத்துக்குப் பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு பக்கமும் நெல் வயல். பெரிய கோவில், அகலமான பிராகாரம், பின்னால் மலை. நின்று ரசிக்க வேண்டிய இடம்தான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரி வந்தார். பாயில் உட்காரச் சொன்னார்கள். புதுப்பாவாடையோடு யாழினியை என் மடியில் வைத்தார்கள். அப்போதுதான் வாசலில் நாலைந்து பேர் தட்டுகளோடு நுழைந்தார்கள். முன்னால் வந்த ஆளைப் பார்த்ததும் கலைவாணி தூணைப் பிடித்துக்கொண்டாள். சேகர். கையில் பழத்தட்டு, அதன்மேல் ஒரு குட்டி நகைப்பெட்டி.

நான் குழந்தையோடு எழுந்திருக்கப் பார்த்தேன். அவருடைய இடம் அது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். சேகர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஏன் எழுந்துக்கிறீங்க? வாணி உங்கள அண்ணன்னுதானே கூப்புடுது? அப்போ எனக்கும் நீங்க அண்ணன்தான். காது ரெண்டு இருக்குது இல்ல?"

முதல் காது உங்கள் மடியில்தான் என்று நான் அடம்பிடித்தேன். குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் அழுகை கிளம்பிவிட்டது. யாழினி இல்லை, சேகர். ஒரு வருஷமாகப் பார்க்காத குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டு அந்த மனுஷன் தேம்பினார். அவர் அழுவதை வேடிக்கை பார்த்ததில் குழந்தை முதல் குத்தைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது காதுக்கு என் மடிக்கு வந்தாள். கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், என் சட்டையையும் நனைத்தாள். பரவாயில்லை, மாமன் என்றால் இதெல்லாம் உண்டு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயிலில் வருபவர்கள் ஆரணி ரோடு என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; அது களம்பூரில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குள் வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேவிகாபுரத்தில் மலைக்கோவிலுக்கும் ஏறுவதானால் வெயிலுக்கு முன் போங்கள். எனக்கு ஏறக் கொடுத்துவைக்கவில்லை. சாப்பிட்டதும் சென்னை கிளம்பியிருக்க வேண்டியவன், சேகர் என் கையைப் பிடித்து வீட்டுக்கு வரச்சொன்னதால் தங்கிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து, சேகர் வந்த வேன் ஆரணிக்குக் கிளம்பத் தயாரானது. கலைவாணியை முதலில் ஏறச் சொன்னார் சேகர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் இடம் காட்டினார். பிரபு மட்டும் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவரிடம் சேகர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்திலிருந்து அந்த வீட்டில் அவருக்கு 'அந்தாளு' என்றுதான் பெயர் என்று கலைவாணி சொல்லியிருக்கிறாள். ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சேகர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"மாப்ள, அந்தத் தட்டெல்லாம் எடுத்துகினு ஜல்தி ஏறுங்க. வீட்ல அம்மா காத்துகினு இருக்குது."

பிரபு சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அங்கே யாருமே இல்லை.