சங்கு வாய் மூடிய மூன்று வாரம்

அந்த வீட்டுக்கு நான் நர்ஸாகப் போனது, அங்கிருந்த மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக. எழுபத்தெட்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் போய் மாலை நாலரைக்குக் கிளம்புவேன்.

மருமகள் நகரப் பேருந்தில் கண்டக்டர். பதினைந்து வருடமாக ஒரே தடம். டிப்போவில் அவளுக்குச் சங்கு என்று பெயர், குரல் ஆலைச் சங்கு மாதிரி என்பதால். பின்படியில் நின்று அவள் ஸ்டாப்பின் பெயரைச் சொன்னால், முன்பக்கம் தூங்குகிறவர் எழுந்து இறங்கிவிடுவார், அது அவருடைய ஸ்டாப்பாக இல்லாவிட்டாலும்.

வீட்டிலும் அந்தக் குரலுக்கு ஓய்வில்லை. மாமியாருக்கு இரண்டு காதும் மந்தம். காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். மருமகள் கத்தினால் மட்டும்தான் அவருக்குக் கேட்கும். நான் கத்தினால், "யாரோ கூப்பிடுறாங்க பாரு" என்பார்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் சங்குவின் குரல் கரகரத்தது, பிறகு பிசிறடித்தது, பிறகு காற்று மட்டும் வந்தது. குரல் நாணில் இரண்டு முடிச்சுகள். அறுவை முடிந்ததும் தொண்டை டாக்டர் கறாராகச் சொன்னார்.

"ரெண்டு வாரம் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். செருமக் கூடாது. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாம். ஆறு வாரம் கழிச்சு டிப்போ டாக்டர் உங்களைப் பார்ப்பார். குரல் வரலைன்னா வண்டியில விட மாட்டாங்க."

வண்டியில் விடாவிட்டால் டிப்போவின் ஸ்டோர் ரூம். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து உதிரி பாகங்களுக்குச் சீட்டு எழுத வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாளே, வந்த கொஞ்சம் குரலில் அதைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஸ்க்ரூவும் நட்டும் எங்கிட்ட சண்டை போடுமா, நர்ஸம்மா? காலையில நாலு பேரோட சண்டை போட்டு, அதுல ரெண்டு பேரைச் சிரிக்க வச்சாத்தான் எனக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரில் பதினான்கு நாளைச் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டினாள். சிலேட்டில் கொட்டை எழுத்தில் எழுதி எனக்குக் காட்டினாள்: 'நான் நினைச்சா முடியும்.' உதட்டை இறுக்கி, கழுத்தை நிமிர்த்தி, எதிரியைப் பார்ப்பதுபோல நின்றாள். இத்தனை விறைப்பு பதினான்கு நாள் தாங்காது என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. கேட்டிருக்கவும் மாட்டாள்.

அவள் கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டிருந்தார். பேசாத மனிதர் என்று நினைத்திருந்தேன். வாய்ப்புக் கிடைக்காத மனிதர் என்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

"நர்ஸம்மா, கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு பேச்சை ஆரம்பிச்சு முடிச்சிருக்கேன்" என்றார். சங்கு சிலேட்டைத் தூக்கினாள், எழுத அல்ல.

மூன்றாம் நாள் காலை அடுப்பில் பால் பொங்கியது. தையல்காரர் பக்கத்திலேயே நின்று துணி அளந்துகொண்டிருந்தார். "பாலு" என்று ஒரு குரல் வந்தது. வீடே அதிர்ந்தது. பால் என்னவோ அடங்கிவிட்டது. சங்கு அடங்கவில்லை. காலண்டரின் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்தாள்.

"போச்சு. எல்லாம் போச்சு. இனிமே பேசினா என்ன, பேசாட்டி என்ன? கண்ணு முன்னாடி பால் பொங்குது, சிலை மாதிரி நிக்கிறீங்க" என்று தொடங்கியவள் கணவரை முடித்து, மாமியாரிடம் போய், போன வருடத்துச் சமாச்சாரங்களையும் எடுத்து, பத்தரை மணிக்குத்தான் நிறுத்தினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கசக்கிய தாளின் பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டாள், முதல் நாளிலிருந்து.

அடுத்த முறை சிலிண்டர்காரர். அதன் பிறகு கரப்பான்பூச்சி. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். ஒரு சொல் தவறி வரும், பிறகு ஒரு மணி நேரம் வேண்டுமென்றே வரும்.

சர்க்கரை நோயாளிகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு இனிப்பு கை தவறி வாய்க்குப் போய்விடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. இன்றைக்குக் கெட்டது கெட்டுவிட்டது என்று டப்பாவைக் காலி செய்வதில்தான் கெடுதல். இதை அவளிடம் விளக்கமாகச் சொன்னேன், இரண்டு முறை. பெரிதாகத் தலையாட்டினாள். மறுநாள் கரப்பான்பூச்சி வந்தது.

"நான் வேணா வாய்க்கு ரெண்டு தையல் போட்டு விடட்டுமா?" என்று கேட்டார் தையல்காரர். "ஓரத்துல மட்டும். வெளியே தெரியாது."

ஏழாம் நாள் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். வீங்கிச் சிவந்திருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் மௌனம். மறுபடி இப்படி வந்தா நான் செஞ்ச வேலையே வீண். நீங்க ஸ்டோர் ரூமுக்கே எழுதிக் கொடுத்திடலாம்."

வீடு திரும்பியவள் அன்று யாருக்கும் சிலேட்டில்கூடப் பதில் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எனக்கு அவள் கோபத்தைவிட இதுதான் கவலையாக இருந்தது. கோபத்தில் இருக்கிறவர்களை எழுப்பி வேலை வாங்கிவிடலாம். கைவிட்டவர்களைக் கட்டிலிலிருந்து இறக்குவது கஷ்டம்.

மறுநாள் மாலை அவளுடைய டிரைவர் பழப்பையோடு வந்தார். பதினோரு வருடமாக ஒரே வண்டியில் ஓடியவர்கள். வாய் ஓயாத ஆள். எதிரே இருப்பவர் பேசவில்லை என்பதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, உங்க இடத்துக்கு ஒருத்தரை விட்டிருக்காங்க. நல்ல மனுஷன். பயந்த சுபாவம். முந்தாநாள் ஆஸ்பத்திரி ஸ்டாப்பைச் சொல்ல மறந்துட்டாரு. ஒரு அம்மா பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அதையே நினைச்சுக்கிட்டு நின்னாரு பாருங்க, அடுத்து பள்ளிக்கூடம் போச்சு. அதை நினைச்சாரு, மார்க்கெட் போச்சு. மார்க்கெட்ல இறங்க வேண்டிய முப்பது பேரும் பாலத்துல இறங்கினாங்க, என்னைத் திட்டிக்கிட்டே. நான் என்னக்கா செய்ய? மணி அடிச்சாத்தானே எனக்கு நிக்க முடியும்?"

இரண்டு நாளில் முதல் முறையாகச் சங்கு சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. சிலேட்டை இழுத்து மளமளவென்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனதால் டிரைவருக்குப் புரியவில்லை. நான் வாங்கிப் படித்தேன்.

"விட்ட ஸ்டாப் விட்டதுதான். அங்க இறங்க வேண்டியவங்க அடுத்ததுல இறங்கி நடந்துக்குவாங்க. அவரை அடுத்த ஸ்டாப்பைப் பார்க்கச் சொல்லு."

"இன்னொரு தடவை படிங்கம்மா, அப்படியே போய்ச் சொல்லணும்" என்றார் டிரைவர்.

இன்னொரு தடவை படித்தேன். பாதியிலேயே சங்குவின் சிரிப்பு நின்றுவிட்டது. டிரைவர் கிளம்பிப் போன பிறகும் அந்தச் சிலேட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் சொன்னதுதான் ஏற்கெனவே இரண்டு முறை வீணாகியிருந்ததே.

காலையில் போனபோது காலண்டர் இருந்த ஆணியில் அந்தச் சிலேட்டு தொங்கியது. அழிக்க மனமில்லாமல், எழுதுவதற்கு வேறொன்று வாங்கி வரக் கணவரை அனுப்பியிருந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். மூன்று தட்டு, உள்ளே தள்ளிப் போங்க. சமையலறையில் வழியை மறித்து நின்றதற்காக எனக்கு அன்று நாலு தடவை மூன்று தட்டு விழுந்தது.

மதியம் வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டு, "ஐயோ" என்று வந்துவிட்டது. நானும் தையல்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாக மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தார். சங்கு விரலை வாயில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு டம்ளரில் இரண்டு தட்டு. வெங்காயம் தொடர்ந்தது.

மாமியாருக்கு டம்ளர் கேட்காது. அதற்கும் அவளே வழி கண்டாள். நான் அவரை வாக்கரில் நடத்திப் பழக்கும்போது, கரண்டியால் வாக்கரின் கம்பியில் தட்டினாள். சத்தம் காதுக்குப் போகாவிட்டாலும் அதிர்வு கைக்குப் போனது. இரண்டு தட்டு, கிழவி நடந்தார். ஒரு தட்டு, நின்றார். நான் வாரக்கணக்கில் கெஞ்சியும் கட்டிலிலிருந்து கதவு வரைதான் வந்தவர், அந்த வாரத்திலேயே முன்னறை தாண்டிப் போனார்.

"எந்த ஊருக்குடி போகுது இந்த வண்டி?" என்று கேட்டார். சங்கு சிலேட்டில் 'பாத்ரூம்' என்று எழுதிக் காட்டினாள். கண்ணாடி இல்லாததால் அவர் படிக்கவில்லை. "சரி, ஜன்னல் சீட்டாக் குடு" என்றார்.

டாக்டர் மறுபடி கொடுத்த இரண்டு வாரத்தின் ஒன்பதாம் நாள் விபரீதமானது. தையல்காரரின் வெட்டுத்துணி ஒன்று தரையில் கிடந்திருக்கிறது. வாக்கரின் கால் அதில் ஏறியது. நான் கழுவிய பாத்திரத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். சங்கு அறையின் மறுகோடியில் இருந்தாள், கரண்டி எட்டாத தூரத்தில்.

"அத்தை, நில்லுங்க."

முழுக் குரல். பின்படியிலிருந்து டிரைவர் வரைக்கும் போகிற குரல். கிழவி வைத்த காலை வைத்தபடி நின்றார். வேறு யார் கத்தியிருந்தாலும் நின்றிருக்க மாட்டார். நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தகடு வைத்த இடுப்பு. விழுந்திருந்தால் மறுபடி நிற்பது சந்தேகம்.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், சங்கு தொண்டையில் கை வைத்தபடி நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது. தையல்காரர் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "திட்டு" என்றார். "என் மேலதான் தப்பு. நல்லா திட்டிடு."

அவள் வாய் திறந்தது. நியாயப்படி அவருக்கு அன்று ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடியது. நடந்து வந்து, டம்ளரைத் தேடாமல், அவருடைய வழுக்கைத் தலையிலேயே கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள். லேசாகத்தான். பிறகு தரையைக் கைகாட்டினாள். கிடந்த துணியையெல்லாம் அவர் பொறுக்கினார்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் பார்த்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சிவப்பு, மற்றபடி ஆறி வருகிறது என்றார். பேசலாம், மெதுவாக, நாளுக்குப் பத்து நிமிடம். மூன்று வாரம் கழித்து அனுமதியோடு அவள் பேசும் முதல் சொல் என்னவாக இருக்கும் என்று வீட்டில் பந்தயமே நடந்தது. தையல்காரர் அதைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். தன் பெயராகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

"போதும்" என்றாள் சங்கு.

குரல் தாழ்ந்திருந்தது. பழைய கணீர் இல்லை. கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் உடையாமல் வந்தது. அவள் இன்னொரு தடவை அதே சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறையும். பழைய குரல் திரும்பாது என்று புரிந்துகொள்ள அவளுக்கு அந்த மூன்று முறை போதுமாக இருந்தது.

டிப்போ டாக்டரிடம் தையல்காரர்தான் துணைக்குப் போனார். வந்து இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டினார். அறையின் கோடியில் நிற்க வைத்து ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லச் சொன்னாராம்.

"முன்னாடி மாதிரி இல்லையேம்மா."

"இல்லைங்க சார். அது போயிடுச்சு. இருக்கறதை வச்சுப் பின்படியிலேருந்து நடுப்பகுதி வரைக்கும் சொல்லிடுவேன். முன்பக்கம் இருக்கறவங்களுக்கு நானே நடந்து போய்ச் சொல்லிக்கிறேன்."

டாக்டர், கத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மாமியார் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியதும் என் வேலை முடிந்தது. அதற்கப்புறம் ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போக அந்தத் தடத்தில் ஏறினேன். கூட்டத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தாள். டிக்கெட் கிழிக்கிற கையால் கம்பியில் தட்டி, தாழ்ந்த குரலில் ஸ்டாப் சொன்னாள். ஆட்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். மூன்று தட்டுக்கு எல்லாரும் உள்ளே தள்ளிப் போனதைப் பார்த்தேன். அவர்களுக்கு எப்போது பழக்கினாளோ.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் என் ஸ்டாப் போய்விட்டது. அவசரமாக எழுந்து, "ஐயையோ, மார்க்கெட் போயிடுச்சே" என்றேன்.

"போனா என்ன? பாலத்துல இறங்கி நடங்க, நர்ஸம்மா" என்றாள். "காய்கறி எங்கயும் ஓடிடாது."

பக்கத்துச் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாலத்தில் மணி ஒரு தடவை அடித்தது. இறங்கினேன். பையை மறுகைக்கு மாற்றிக்கொள்வதற்குள் இரண்டு தடவை அடித்தது, வண்டி கிளம்பிவிட்டது. திரும்பி நடக்கப் பத்து நிமிடம் ஆனது.