தங்கமணியின் சின்னம் காலிங் பெல்

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்து ஊர் தங்கமணிக்கு. கணவர் அமிர்தலிங்கம் ஒரு சின்னக் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவர் நாட்டைக் கவனித்துக்கொண்டதால், நாலு ஏக்கர் நிலத்தைத் தங்கமணி கவனித்துக்கொண்டாள். நெல் ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், மல்லுக்கு நிற்பதும் அவள்தான்.

நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் வந்தபோது, அமிர்தலிங்கம் கடைத்தெருவில் பாராட்டுக் கூட்டம் போட்டார். மேடை நிறைய ஆண்கள். கைதட்ட அழைத்து வந்த பெண்கள் கீழே. தங்கமணி எழுந்து, "எப்பலேருந்துங்க இந்த எடம்?" என்று கேட்டாள்.

"மக்கள்தொகை கணக்கெடுக்கணும், தொகுதியெல்லாம் பிரிக்கணும். அப்புறம்தான்" என்றார் மைக்கில்.

"அதுவரைக்கும்?"

"பொறுமையா இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். ஆனால் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது.

அடுத்த மக்களவைத் தேர்தலில் அமிர்தலிங்கமே வேட்பாளர். தன் மனுவில் ஏதாவது கோளாறு வந்தால் இருக்கட்டுமென்று மனைவியையும் சுயேச்சையாக மனுப் போட வைத்தார். அவர் மனு தேறியதும் அவள் வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளை முன்மொழிய மகளிர் குழுப் பெண்களையே கூட்டிப் போனார், போட்டோவுக்கு அழகாக இருக்குமே என்று.

அவர் மனு தேறியது. வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று அவருக்குப் பிரச்சாரம். "தங்கம், நீ கலெக்டர் ஆபீஸ் போயி ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தையல்கடை ரசியா பேகத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தங்கமணி தஞ்சாவூர் போனாள். வாபஸ் நேரம் மூன்று மணியோடு முடியும். இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து நிதானமாக நுங்கு தின்றார்கள்.

"அக்கா, மணி ஆவுது."

"ஆவட்டும்."

"அண்ணன் குதிப்பாரே?"

"அவரும் கொஞ்சம் பொறுமையா இருக்கட்டும்."

மூன்று மணி தாண்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காலிங் பெல் கிடைத்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. "கையெழுத்து போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

மறுநாள் டீக்கடையில் கட்சிக்காரர் நல்லக்கண்ணு, "அண்ணே, அண்ணிக்கு காலிங் பெல்லாமே! நல்ல சின்னம்" என்றார். அமிர்தலிங்கத்துக்கு டீ புரையேறியது. வீட்டுக்கு வந்து கத்தினார்: "என்னை எதுத்தா நிக்கிற?"

"எதுத்து இல்லீங்க, உங்களுக்குக் கீழதான். ஓட்டு மிஷின்ல பேரு வரிசையைப் பாருங்க."

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். முதல் ஊரில் மைக்கை ரசியாவிடமே நீட்டினாள்; ரசியா இடுப்பில் கிள்ளிய பிறகுதான் குரலே வெளியே வந்தது. அப்புறம் அது நிற்கவில்லை. "மூணுல ஒண்ணு தர்றோம், காத்திருங்கன்னு சொல்றாங்க. நான் காத்திருக்கல, பெல்லடிக்கிறேன்" என்பாள். பெல் இல்லாத வீட்டு வாசலில் நின்று அவளே "டிங் டாங்" என்பாள். நடவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒருநாள் கல்லணைக் கால்வாய்க் கரையில் அவள் ஆட்டோவும் அவர் ஜீப்பும் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் கோஷம். தங்கமணி மைக்கை எடுத்தாள்.

"மதிப்புக்குரிய வேட்பாளர் அவர்களே, வீட்டுல மீன் கொழம்பு மூடி வச்சிருக்கேன். சுட வச்சு சாப்பிடுங்க. வெயில்ல அலையறீங்க, மோரும் இருக்கு."

அவர் ஆட்களே சிரித்துவிட்டார்கள். ஜீப் பின்னால் போனது. போகும்போது அவர் முகத்தில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

முடிவு வந்தபோது இருவருக்குமே டெபாசிட் போயிருந்தது. ஆனால் சொந்த ஊர் வாக்குச்சாவடியில் தங்கமணி அவரைத் தாண்டியிருந்தாள். வயிற்றெரிச்சலோடு வருவார் என்று காத்திருந்தாள். அவரோ கடைத்தெருவில் கம்பீரமாக நின்று, "எங்க குடும்பத்துக்கு விழுந்த ஓட்டு" என்று இரண்டையும் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மறுப்பு அறிக்கை ஒன்றும் விடவில்லை. குறுவை நாற்றங்காலுக்குப் பம்புசெட் போட வேண்டியிருந்தது.