செயின் வண்டி குடித்த பிராந்தி

சின்னமனூர்ப் பக்கம் போய் வீரணன் என்று சொல்லிப் பாருங்கள். "எந்த வீரணன்? வண்டிக்குப் பிராந்தி ஊத்துறாரே, அவரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் ஓட்டுவது ஒரு பழைய செயின் வண்டி. டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகர்ந்து மண் தள்ளுகிற டிராக்டர். அதற்கு டீசல் பத்தாது, பிராந்தி விட்டால்தான் கிளம்பும் என்று ஊருக்குள் பேச்சு. கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் பால்பாண்டி, டீக்கடைக்காரர். அவர் கடையில் டீயைவிடப் பேச்சு ஸ்ட்ராங்காக இருக்கும். அதற்காக அவரை அடியோடு பொய்யர் என்றும் சொல்லிவிட முடியாது. பிராந்தி பாட்டில் நிஜம், வீரணன் அதை இன்ஜின் பக்கம் சாய்த்ததும் நிஜம். மிச்சக் கதையைத்தான் பால்பாண்டி பார்க்கவில்லை. அதைச் சொல்கிறேன், கேளுங்கள். அவர் விட்ட கதையைவிட இது ருசி.

வீரணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆறாம் வகுப்பிலேயே அவரும் பள்ளிக்கூடமும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் எஸ்டேட் ரோடு வெட்டிய காலத்தில் இதே வண்டியில் கிளீனராக ஏறியவர், பிறகு லீவரைப் பிடித்தார், இன்னும் விடவில்லை. கேரளாவிலிருந்து அவர் சம்பாதித்து வந்தது நாலு மலையாளக் கெட்ட வார்த்தையும், பாதி செத்த காதும். இன்ஜின் தடதடப்பு நன்றாகக் கேட்கும். சன்னமான சத்தம் எதுவும் ஏறாது. "சன்னமெல்லாம் இல்ல, நான் பேசுனா மட்டுந்தான் ஏறாது" என்பது அவர் மனைவி கருத்தம்மாளின் கட்சி.

போன வருஷம் ஆயுதபூஜை முடிந்த கையோடு வண்டிக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. கர்ணன் என்பவருடைய வாழைத்தோட்டத்தில் வேலை. ஓடை கரையை அரித்துவிட்டது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் மண் தள்ளிக் கரையை உயர்த்தாவிட்டால் வாழை மிதக்கும். சொதசொதத்த மண்ணில் டயர் வண்டி புதையும் என்பதால்தான் செயின் வண்டியைக் கூப்பிட்டிருந்தார். அதுவோ, ஸ்டார்ட் செய்தால் ஜம்மென்று கிளம்பும், நாலைந்து நடை போய் வருவதற்குள் இழுவை குறையும், சத்தம் இளைக்கும், இரண்டு தடவை விக்கும், நின்றுவிடும்.

டீசல் காட்டும் முள் செத்து வருஷக்கணக்கு ஆகிறது. அதனால் வண்டி நின்றால் வீரணன் முதலில் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். அரை டேங்க் இருந்தது. மூடிவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். திரும்ப மாட்டும்போது உள்ளே காற்று நிற்கக் கூடாதென்று, வடிகட்டிய டீசலை ஒரு பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பினார். அது பிராந்தி பாட்டில்; எப்படிக் காலியானது என்று கேட்பது நாகரிகமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பால்பாண்டி வரப்பில் டீத்தூக்கோடு வந்தார். வண்டியும் உடனே கிளம்பியது. பிறகு ஊர் சும்மா இருக்குமா?

மறுநாளும் நின்றது. குச்சி விட்டார், டீசல் இருந்தது. பைப் மூட்டில் காற்று இழுக்கிறதோ என்று புது வாஷர் போட்டு முறுக்கினார். ஓடியது. அப்பாடா என்று பீடியைப் பற்றவைப்பதற்குள் நின்றது. மறுபடி குச்சி. இந்த முறை டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். அதற்கும் ஓடியது! எந்த மருந்து கொடுத்தாலும் எழுந்து உட்கார்ந்து, வைத்தியர் தெருமுனை தாண்டியதும் படுத்துக்கொள்கிற நோயாளியை என்ன செய்வது? வீரணனுக்குச் சோறு இறங்கவில்லை. கோபம்கூட இல்லை, இது என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு.

வண்டி ஓனர் ஜோதிலட்சுமிக்கு அந்த அரிப்பு இல்லை. அடுத்த நாள் காலையில் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கர்ணன் மாமாவுக்கு இனிமே என்னால பதில் சொல்ல முடியாது. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கரைய முடிச்சா வண்டி நம்மகிட்ட இருக்கும். இல்லேன்னா நாளைக்குப் பழைய இரும்புக்காரக வந்து வெட்டி எடுத்துட்டுப் போயிருவாக."

"வெட்டவா? தாயி, அது..."

"சொல்லிட்டேன்."

மதியம் கருத்தம்மாள் சோற்றுத்தூக்கோடு வந்தபோது வண்டி சரியாக நடுக்கரையில் விக்கி நின்றது.

"என்ன, சவாரி முடிஞ்சுருச்சா?"

"எனக்கு உசுரு போகுது, இவ ஒருத்தி."

அவர் வழக்கம்போல டேங்க் மூடியைத் திருகினார். பக்கத்தில் நின்றிருந்த கருத்தம்மாள் துள்ளிப் பின்னால் போனாள்.

"ஆத்தாடி, பாம்பு!"

"எங்கன?"

"அந்த மூடிக்குள்ள. தெறந்ததும் உஸ்ஸுன்னுச்சே!"

"ஒரு சத்தமும் இல்ல."

"ஒங்களுக்கு இடி விழுந்தாலே லேசாத்தான் கேக்கும்."

வீரணன் குச்சியை டேங்குக்குள் விடாமல் கீழே வைத்தார். பிறகு எதையும் கழற்றாமல், எதையும் முறுக்காமல் மூடியை மட்டும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்தார். கிளம்பியது. அது நிற்கிற வரைக்கும் ஓட்டினார். நின்றதும் கருத்தம்மாளைக் கைபிடித்துச் செயின் மேல் ஏற்றினார்.

"காதை வையி. நான் மெதுவாத் தெறக்குறேன். காத்து வெளிய வருதா, உள்ள போகுதா?"

"உள்ளதான் போகுது. சூடான டீய உறிஞ்சுற மாதிரி இழுக்குது."

வீரணன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீசல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. அதற்காக மூடியின் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. இப்போது துளையைக் காணோம். அந்த இடத்தில், குங்குமத்தோடு காய்ந்து கல்லாகிப்போன சந்தனப் பொட்டு இருந்தது. குச்சி விட மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போனதால்தான் வண்டி கிளம்பியிருக்கிறது, அவர் கொடுத்த மருந்தால் இல்லை.

ஜோதிலட்சுமி மற்ற வருஷமெல்லாம் ஆயுதபூஜைக்குக் கீழே நின்றபடி, மண் தள்ளும் பிளேடிலும் பானட்டிலும் பொட்டு வைப்பார். அந்த வருஷம்தான் சேலையைச் செருகிக்கொண்டு செயின் மேலேயே ஏறி, கைக்கு எட்டின இடத்தில் எல்லாம் அப்பியிருந்தார். பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். வீரணனே இத்தனை நாளும் பொட்டில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் மூடியைத் திறந்திருக்கிறார்!

அவர் நகத்தால் சுரண்டப் போனார்.

"கைய எடுங்க! சாமிக்கு வச்ச பொட்டு."

"அதுக்குன்னு இரும்புக்காரன்கிட்டப் பொட்டோட குடுக்கவா?"

கருத்தம்மாள் யோசித்தாள். தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "நடுவுல மட்டும் குத்துங்க. பொட்டு கலையக் கூடாது."

குத்தினார். சந்தனத் தூள் உதிர்ந்து, வெளிச்சம் ஊசியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. வெயில் மலைக்குப் பின்னால் போனபோது கரை ஒழுங்காக எழும்பியிருந்தது.

ஜோதிலட்சுமி வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாம் நான் செஞ்ச பூசைதாண்ணே. அடுத்த வருசம் பொட்டை இன்னும் தடிமனா வச்சுர்றேன்."

கருத்தம்மாள் பின்னாலிருந்து வீரணனை முழங்கையால் இடித்தாள்.

"தாயி, பிளேடுல வைங்க, செயின்ல வைங்க, என் மொட்ட மண்டையில வைங்க. டேங்க் மூடியில மட்டும் வேணாம்."

ஜோதிலட்சுமி மூடியைக் குனிந்து பார்த்தார். பொட்டின் நடுவே ஊக்குத் துளை. விஷயம் புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே இரும்புக்காரருக்கு ஃபோன் போட்டார், வர வேண்டாமென்று.

சாயங்காலம் டீக்கடையில் நல்ல கூட்டம். பால்பாண்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "மாமோய், இன்னைக்கு வண்டி நிக்காம ஓடுச்சாமே! ஃபுல் பாட்டில் ஊத்துனீகளா?"

வீரணன் டீயை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏலே பால்பாண்டி, பாட்டில்ல இருந்தது டீசலு. அத ஊத்துனதால வண்டி ஓடவும் இல்ல. அதோட மூக்குல சந்தனத்த அப்பிட்டாக, மூச்சு முட்டி நின்னுச்சு. இப்ப ஒன் மூக்குல அப்புறேன். நீ எம்புட்டு நேரம் டீ ஆத்துறன்னு பாப்போம்."