டெங்குக் கண்காட்சியும் வெட்டாத ரிப்பனும்

டெங்கு ஒழிப்புக்கென்று கண்காட்சி வைத்து, அதற்குள்ளேயே நுளம்பு வளர்த்த பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கேயாவது உண்டா? உண்டு... உப்புவெளியில், எங்கள் மகள் நாலாம் வகுப்புப் படிக்கிற பள்ளிக்கூடம்தான்.

நோக்கம் நல்ல நோக்கம். நுளம்பு எங்கெங்கே பெருகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை, உடைந்த பூச்சாடி... மகள் எங்கள் வீட்டு ஓரத்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் அடுக்கி, 'நுளம்பு பெருகும் இடம்' என்று அட்டை வைத்து, சுற்றிவரச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள்.

திங்கட்கிழமை திறப்பு விழா. பிரதம விருந்தினர் கல்வி அலுவலகத்துப் பெரியவர் ஒருவர். அவருக்குக் கொழும்பில் அவசரக் கூட்டம் என்று விழா அடுத்த திங்களுக்குத் தள்ளிப் போனது. அன்று பின்னேரமே மழை தொடங்கிவிட்டது.

மழைக்குக் கூட்டமா, கீட்டமா? சிரட்டை நிறைந்தது. டயர் நிறைந்தது. வியாழக்கிழமை அளவில் அட்டையில் எழுதியிருந்தது அப்படியே உண்மையாகிவிட்டது. வாளிக்குள் புழு நெளிகிறது என்று மகள் சந்தோஷமாக வந்து சொன்னாள்.

பள்ளிக்கூட அதிபருக்குப் போன் எடுத்தேன். தங்கமான மனிதர்.

"சேர், அந்தத் தண்ணியை ஊத்திவிடலாமே?"

"எனக்கும் விளங்குது தம்பி. ஆனா ரிப்பன் கட்டியாச்சு. விருந்தினர் வெட்ட முதல் உள்ளுக்குப் போறது மரியாதை இல்லை."

"ஜன்னலாலை எட்டி ஊத்தினா?"

"அடுக்கு குழம்பியிடும். படம் எடுக்கேக்கை வடிவில்லாமல் போயிடும்."

என்னத்தைச் சொல்ல? நானும் இந்த ஊர்க்காரன்தானே. மதில் ஏறிக் குதிக்க நம்மில் ஆள் உண்டு. சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளை விடவும் ஆள் உண்டு. வெட்டாத ரிப்பனைத் தாண்ட மட்டும் ஒருவருக்கும் துணிவில்லை.

வெள்ளி காலை மகளுக்குக் காய்ச்சல்.

பயந்துவிட்டேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி, தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டேன். "டெங்கு இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். நுளம்பு கடிக்க விடாதையுங்கோ" என்றார் டொக்டர். பக்கத்தில் இருந்த என் மனைவி மகளை அள்ளித் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். குனிந்தாள், ரிப்பனுக்குக் கீழால் புகுந்தாள், முதலில் எங்கள் வாளியைக் கவிழ்த்தாள். அதிபர் ஓடிவந்தார்.

"தங்கச்சி... ரிப்பன்..."

"ரிப்பனிலை நான் கை வைக்கேல்லை சேர். அவர் வந்து வெட்டட்டும்."

சிரட்டைகளைக் குப்புறக் கவிழ்த்தாள். டயரை உருட்டித் தண்ணீரைக் கொட்டி, உள்ளே மணலை அள்ளிப் போட்டாள். ஆசிரியர்கள் நின்று பார்த்தார்கள். நானும் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார், ரிப்பனை வெட்டினார். கவிழ்ந்து கிடந்த சிரட்டைகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். "எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நுளம்பு எப்படிப் பெருகும் என்றுதான் காட்டுவார்கள். எப்படித் தடுப்பது என்று செய்தே காட்டியது இங்கேதான்." அதிபருக்குப் பொன்னாடை. அவரும் போர்த்திக்கொண்டார்... கொஞ்சம் நெளிந்துகொண்டுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வேலை செய்தது நீர், பேர் அவருக்கு" என்றேன்.

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "பேரை ஆரும் எடுக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை ரத்தத்தை ஒரு நுளம்பும் எடுக்காட்டிச் சரி."